மாப்பிள்ளை பதிவு செய்த குரல்

மாப்பிள்ளை தன் போனை அம்மாவின் கால்மாட்டில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

முதலில் கேட்டது மின்விசிறி. பிறகு அவருடைய இருமல். அதற்கும் பிறகுதான் அம்மா.

குரல் பதிவு என்றால் இந்த மனுஷனுக்கு அவ்வளவுதான். பொத்தானை அமுக்கினால் ஆயிற்று.

நான் இருபத்தாறு வருடமாக வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளர். குரலைப் பிடிக்க ஒரு கருவி, அதற்குத் தனி மைக், மைக்குக்குத் தனித் தாங்கி, காதுக்குத் தனி ஹெட்போன். எதற்கு எதுவோ அதற்கு அது.

என் தங்கை புருஷனுக்கு எல்லாமே அந்தப் போன்தான். டார்ச்சும் அதுவே, அலாரமும் அதுவே. அலமாரிப் பலகை அடித்தபோது மட்டம் பார்த்ததும் அதை வைத்துத்தான். அதன் முதுகில் கேமரா புடைத்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைக்கவில்லை. அந்தப் பலகையில் எலுமிச்சம்பழம் வைத்தால் இன்றைக்கும் உருண்டு கீழே விழும்.

அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். முந்தாநாள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனி பேச்சு கிடையாது. எழுதவும் தெரியாதவள். அதனால்தான் ஆபரேஷனுக்குப் போவதற்கு முன் ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லி வைக்க ஆசைப்பட்டாள்.

நான் கருவி, மைக், தாங்கி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது இந்தக் கண்றாவி.

"கோபம் வந்தா சாப்பிடாம படுக்காதடி," என்று போனில் அம்மா தங்கையிடம் சொன்னாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடுவில் டிங் என்று ஏதோ குறுஞ்செய்தி. பேத்தியின் பெயரைச் சொல்லும்போது இன்னொரு டிங். போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் விரல் மைக் துளையில் உரசுகிற சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

கட்டிலில் கழுத்துக் கட்டுடன் சாய்ந்திருந்த அம்மா, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியவனே," என்றது குரல். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..."

அவ்வளவுதான். அதோடு முடிந்தது.

ஒரு அழைப்பு வந்ததாம். எடுத்தாராம். எடுத்ததும் பதிவு தானாக நின்றுவிட்டதாம். மாப்பிள்ளை இதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. குரலைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெட்டிக்கு ஊரான் அழைப்பு எதற்கு? ஒரு வேலையை மட்டும் பார்க்கிற கருவியாக இருந்தால் இந்தக் கூத்து நடக்குமா?

"எந்தத் துரை கூப்பிட்டது, மாப்பிள்ளை? அப்படி என்ன தலை போற விஷயம்?" நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

எதற்கெடுத்தாலும் விளக்கம் சொல்கிறவர் இப்போது தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள்.

போனை எடுக்க அவர் அவசரமாகக் கை நீட்டினார். அதற்குள் நான் பிடுங்கி, ஆபரேஷன் நாளின் அழைப்புகளைத் தேடினேன்.

காலை ஏழு பத்து. ஆறு நிமிடம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மச்சான்' என்றிருந்தது. அவருக்கு மச்சான் நான் ஒருவன்தான்.

அந்த ஆறு நிமிடமும் நான்தான் பேசியிருந்தேன். போனில் பதிவு செய்வது அம்மாவுக்குச் செய்கிற அவமானம், எதையும் தொட வேண்டாம், நான் வந்து ஒழுங்காகச் செய்கிறேன், அதுவரை அம்மாவைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள் என்று.

அம்மா பேசாமல்தான் இருந்திருக்கிறாள்.