பனியின் வளர்ப்பு

விண்மீன் மண்டலத்தின் நட்டநடுவே, ஒரு தூசியின் முதுகில் பனி ஒன்று குடியிருந்தது. “நான் யார் தயவிலும் இல்லையாக்கும்!” என்று அந்தத் தூசியிடமே ஓயாமல் பீற்றிக்கொள்ளும்.

பனியின் மடியில் ஒரு கரிம மூலக்கூறு உருவானது. மண்டலத்தின் மையத்தில் இருந்த கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் கதிர்கள் பட்டால் பிள்ளை சுக்குநூறாகிவிடுமே என்று பனி அதைப் பொத்திப் பொத்தி வளர்த்தது.

கதிர்கள் ஓய்ந்தன. பக்கத்தில் பிறந்த நட்சத்திரத்தின் இளஞ்சூட்டில் பனி ஆவியாகத் தொடங்க, மூலக்கூறு தலைநிமிர்ந்து வெளியே வந்தது.

“அடேயப்பா! உன்னை யாரப்பா வளர்த்தது?” என்று கேட்டது நட்சத்திரம்.

“யாருமில்லை. நானாகவே வளர்ந்தேன்.”

கலைந்துகொண்டிருந்த பனிக்குப் பெருமை தாங்கவில்லை. “கேட்டாயா? அப்படியே என் பேச்சு!” என்றது தூசியிடம்.

“எனக்கு அது பழகின பேச்சுதானே” என்றது தூசி.