தட்டின் மற்றப் பக்கம்

அவள் கையிலிருந்த ஆலாத்தித் தட்டை மச்சாள் வாங்கிக்கொண்டாள்.

வாங்கினாள் என்று சொல்வது மரியாதைக்கு. பறித்தாள்.

“நீர் கொஞ்சம் தள்ளி நில்லும். இது கட்டுக்கழுத்தியள் எடுக்கிறது.”

சொல்லும்போது மச்சாளின் கண் அவள் முகத்தில் இல்லை. கழுத்தில் இருந்தது.

கழுத்தில் தாலி இல்லை. மச்சாளின் தம்பி கட்டியதை விவாகரத்தோடு கழற்றியாயிற்று. அவளுடைய இரண்டாம் கல்யாணம் நகர மண்டபத்தில் ஒரு கையெழுத்தோடு முடிந்தது. அதற்கு மோதிரம் மட்டும்தான். மோதிரமெல்லாம் மச்சாளுக்குக் கணக்கில் வராது.

கனடாவில், ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த மண்டபம். நிறையச் சனம். மேடையில் அவள் மகள் ஆரணி. பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு முதன்முதலாகச் சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடிய எழும்பி ஆலாத்திக்கு வாழைப்பழம் வெட்டித் திரி குத்தியவள் அவள். பனிக்குள் பஸ் ஏறி இரண்டு வேலைக்கு ஓடி, இந்தப் பிள்ளையைத் தனியாக ஆளாக்கியவள் அவள். அப்போதெல்லாம் இந்த மச்சாள் எட்டியும் பார்த்ததில்லை. இன்றைக்கு வந்து நாட்டாமை.

ஆரணியின் தகப்பன் முன்வரிசையில் கோட் போட்டு இருந்தார். அக்காவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கைபேசியைப் பார்த்தார்.

அந்தக் கைபேசியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

ஆலாத்தி தனியாள் எடுக்கிற காரியமில்லை. தட்டுக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மச்சாள் நிலாந்தியைக் கூப்பிட்டாள். தகப்பனின் இப்போதைய மனைவி. ஊரிலிருந்து வந்து இன்னும் குளிருக்குப் பழகாதவள். புதுத் தாலிக்கொடி மினுங்க மேடையேறினாள்.

மற்றப் பக்கம் மச்சாளே பிடித்துக்கொண்டாள்.

தட்டை உயர்த்த முன், குனிந்து ஆரணியின் கழுத்தில் கிடந்த அட்டியலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். நல்ல கனமான சாமான், பிள்ளைக்கு ராசியாக இருக்கும் என்று நிலாந்திக்குச் சொன்னாள்.

அது கீழே நின்றவளுக்கும் கேட்டது.

மேடையேறினாள். சத்தம் போடவில்லை. அங்கே நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“மச்சாள், அது உங்கட தம்பி கட்டின தாலிக்கொடி. உருக்கித்தான் பிள்ளைக்கு அட்டியல் செய்தனான். ராசி பாக்கிறதெண்டால் முதல்ல அதைக் கழட்டுங்கோ. பிறகு நான் தள்ளி நிக்கிறன்.”

மச்சாளின் கை தட்டை விட்டது. தட்டு சரிந்தது. திரிகள் ஆடின.

ஆரணி இரண்டு கையாலும் அட்டியலைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு இது முன்பே தெரியும்.

நிலாந்தி ஒற்றைக் கையால் தட்டை நிமிர்த்தினாள். மற்றக் கையால் தன் தாலிக்கொடியை எடுத்துச் சட்டைக்குள் விட்டாள். பிறகு, முகத்தைப் பார்க்காமல், தட்டின் மற்றப் பக்கத்தை ஆரணியின் தாயிடம் நீட்டினாள்.

நிலாந்தியையும் சேர்த்து வெறுக்கத்தான் அவள் வந்திருந்தாள். இப்போது தட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிடித்தாள். கோபம் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நினைத்தாள்.

மச்சாள் இன்னும் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

நடந்தது எதுவும் கேட்காத தூரத்தில் நின்ற படப்பிடிப்பாளர், கமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் மச்சாளுக்குக் கைகாட்டினார்.

“அன்ரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”