தென்கரைப் பரிசோதகர்

“அந்தப் பரிசோதகர் யாருன்னு மட்டும் சொல்லுங்க அக்கா. மத்ததை நான் பார்த்துக்கறேன்!”

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக வெடித்தாள் அவள். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து, அந்த இடத்தை இணையத்தில் குறிப்பதும், மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துத் தேடிப் பிடிப்பதுமான ஜியோகேச்சிங் விளையாட்டு அந்த ஊரில் பலருக்குப் பைத்தியம். டப்பா இணையத்தில் ஏற வேண்டுமானால், அந்தந்தப் பகுதியின் பரிசோதகர் ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பளமில்லாத தொண்டு அது. எந்தப் பகுதிக்கு எவர் என்று தெரியாமல் விழிப்பவர்களுக்கு வழிகாட்டுவதைக் கடைக்கார அம்மாள் தம் கடமையாக ஏற்றிருந்தார்.

“எழுதி எழுதிக் கை வலிக்குது. பதிலே இல்லை. ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் பிறந்தநாள்!”

“டப்பா எங்கம்மா இருக்கு?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம், பூங்காவுல.”

“நீ எழுதினது வடகரைப் பரிசோதகருக்கு.”

“எங்க வீடு வடகரையிலதானே இருக்கு?”

“வீட்டையா ஒளிச்சு வெச்சே? டப்பா எந்தக் கரையில இருக்கோ, அந்தக் கரையோட பரிசோதகர்தான் பார்ப்பாரு. தென்கரைக்கு ‘நத்தை’ன்னு ஒருத்தர். அவருக்கு எழுது.”

“நத்தையா? விளங்கினாப்லதான். நிஜப் பேரு என்னக்கா?”

“அதைச் சொல்லக் கூடாது. உன்னை மாதிரி யாராவது கோபத்துல போய்க் கதவைத் தட்டிட்டா?”

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. விபத்துக்குப் பிறகு அவள் அண்ணனுக்குச் சக்கர நாற்காலிதான் கால். டப்பாக்களோ மரத்திலும் மேட்டிலும் இருக்கும். யாராவது எடுத்துக் கையில் கொடுப்பார்கள். அவர் உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போடுவார். இந்தப் பிறந்தநாளிலாவது அண்ணன் தன் கையாலேயே ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் அவள் ஆசை.

அன்று மாலையே நத்தையிடமிருந்து பதில் வந்தது.

‘சக்கர நாற்காலியில் வருபவரும் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் சரளைக் கல் தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்து போய்ப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு மீண்டும் அனுப்புங்கள். இப்போதைக்கு அனுமதி இல்லை.’

சாப்பாட்டு மேசையில் அவள் முகம் உம்மென்று இருந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்றார் அண்ணன்.

“ஒண்ணுமில்லைண்ணா. ஆபீஸ்ல ஒருத்தர். எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்றாரு.”

“சரியான கல்நெஞ்சக்காரன் மச்சான்!” என்று ஒத்து ஊதினான் அவள் கணவன்.

“அப்படிப்பட்டவங்களைச் சும்மா விடக் கூடாது மாப்பிள்ளை. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, அண்ணன் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள், சைக்கிள் கடைக்குப் பழுதுபார்க்க வந்திருந்த ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கிக்கொண்டு அவளும் கணவனும் பூங்காவுக்குப் போனார்கள். கணவன் அதில் ராஜா மாதிரி உட்கார்ந்தான்.

“இப்ப பாரு, எப்படிப் போறேன்னு! அந்த நத்தைக்குப் படம் பிடிச்சு அனுப்பு.”

தார்ப் பாதையில் ஜோராகத்தான் போனான். டப்பா கட்டியிருந்த மரத்தை நோக்கித் திரும்பியதும் சக்கரங்கள் சரளையில் புதைந்தன. முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தான். அசையவில்லை. கையை நீட்டிப் பார்த்தான். டப்பா இன்னும் உயரத்தில் இருந்தது.

“இரு, இறங்கித் தள்ளிட்டு வரேன்.”

“நீங்க இறங்கிடுவீங்க. அண்ணன் எப்படிங்க இறங்குவாரு?”

கேட்டுவிட்டு அவளே போய் டப்பாவை மரத்திலிருந்து அவிழ்த்தாள்.

அன்பர்களே, தலையாட்டுபவரை நண்பர் என்றும், தடுத்துக் கேட்பவரைப் பகைவர் என்றும் எவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டிவிடுகிறோம்! நம் நன்மைக்காக நம்மிடமே கெட்ட பெயர் வாங்கச் சம்மதிப்பவர் எத்தனை பேர்? அவரைக் கண்டால் கைகூப்ப வேண்டாமா?

ஆற்றோரத் தார்ப் பாதையின் கைப்பிடிக் கம்பிக்கு அடியில், உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில், டப்பாவைக் கட்டினார்கள். புதிய படம் அனுப்பினாள். கூடவே ‘மனசுக்குள் உங்களைத் திட்டியதற்கு மன்னிக்கவும்’ என்றும் எழுதினாள். வீடு போய்ச் சேர்வதற்குள் அனுமதி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. கடைக்கார அம்மாளும் வந்திருந்தார். அண்ணன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பாதையில் உருண்டார். அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் துழாவினார். புதரை விலக்கினார். பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்.

“எங்கேம்மா, ஒண்ணையும் காணோமே? யாராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா?”

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை வாயைத் திறக்கப் போய், அவளிடம் ஒரு கிள்ளு வாங்கினான்.

வெகுநேரம் கழித்து அண்ணனின் கை கம்பிக்கு அடியில் போயிற்று.

“கிடைச்சிடுச்சு! நானே எடுத்துட்டேன்!”

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கேக்கை எடுத்துவரக் கணவனை இழுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

கடைக்கார அம்மாள் அருகில் வந்தார்.

“ஏன் சார், ஒரு டப்பாவை எடுக்க இவ்வளவு நேரமா?”

“மெதுவாப் பேசுங்கம்மா” என்றார் அண்ணன், தங்கை போன திசையைப் பார்த்தபடி. “நான் சரளையில மாட்டிக்கிட்டு முழிக்கறதைப் பார்த்தா, பாவம், அவ மனசு ஒடிஞ்சு போயிடும்னுதான் அன்னிக்கு மறுத்தேன். இன்னிக்குப் போனதும் எடுத்திருந்தா, நத்தை அவ வீட்டுக்குள்ளேயே இருக்குன்னு கண்டுபிடிச்சிருப்பாளே!”