நூல்கூட நகராத போட்டி

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் மீசையை எடுத்துவிடுகிறேன். சிமெண்டுக் கிடங்கில் நடந்த அந்தக் கை மடக்கும் போட்டியில் கால் மணி நேரம் இரண்டு கைகள் ஒரு நூல்கூட நகரவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் மேஸ்திரி. ஒன்பது வருஷமாக யாரிடமும் தோற்காததால் அவருக்குப் பயில்வான் என்று பெயர். அந்தப் பக்கம் புதிதாக வந்த லோடுமேன், 'இரும்பு' என்பார்கள். மேஸ்திரியின் கை மடங்கினால் அவர் வேலை இரும்புக்கு. பயில்வான் மறுபடி மூட்டை சுமக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குள் யார் கையும் மடங்காவிட்டால் பழைய மேஸ்திரியே தொடரலாம். அதுதான் கிடங்கின் சட்டம்.

பயில்வானின் வலது மேல்கையில் தசை கிழிந்திருந்த விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பீரோவைத் தனியாளாகத் தூக்கிக் காட்டியபோது 'பட்'டென்று ஒரு சத்தம் கேட்டது. மறுநாள் கை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது" என்றார் பிசியோதெரபி டாக்டரம்மா.

"ஞாயித்துக்கிழமை போட்டிம்மா. போகலேன்னா வேலை போச்சு."

"போனா கை போச்சு. வேணும்னா ஒண்ணு செய்யலாம். அசையாத எதையாவது மெதுவா அழுத்துங்க. பத்து எண்ணுற வரைக்கும் அழுத்தம், பத்து எண்ணுற வரைக்கும் ஓய்வு. கை மட்டும் நகரவே கூடாது."

வீட்டுக்கு வந்து சமையலறைச் சுவரை அழுத்தினார். மனைவி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "ஒரு பக்கெட் தண்ணி தூக்க வக்கில்ல, செவுத்தத் தள்ளப் பாக்குறாரு. இவரு ஊருக்கே பயில்வானாம்!"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பயில்வான் கன்றிப்போன இடத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தார் உருகும் வெயிலில் இரும்பு மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் வந்தான்.

"முண்டாவைப் பாத்தா மேஸ்திரி பயந்துடுவாருன்னு மூடிட்டு வந்திருக்கான்டா" என்றது கூட்டம். பயில்வான் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டார்.

விசில் ஊதியதும் கைகள் கோத்துக்கொண்டன. வேறு வழி தெரியாமல் பயில்வான் டாக்டரம்மா சொன்னபடி பத்து எண்ணி அழுத்தினார், பத்து எண்ணி விட்டார். ஆச்சரியம் என்னவென்றால், இவர் அழுத்தும்போது அவனும் அழுத்தினான். இவர் விட்டபோது அவனும் விட்டான்.

'பாவி, பூனை எலியோட விளையாடுற மாதிரி விளையாடுறான். பதினாலாவது நிமிஷம் மடக்கப்போறான்' என்று நினைத்த பயில்வானுக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. இரும்பின் நெற்றியிலும் வழிந்தது. அது வெயிலால் என்று நினைத்துக்கொண்டார்.

"என்னா தம்மு! ரெண்டும் மனுசனுங்களா, மலையா?" என்று கூட்டம் கத்தியது.

கால் மணி முடிந்து விசில் ஊதியது. கை மடங்கவில்லை, மேஸ்திரி வேலையும் போகவில்லை. பயில்வானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூட்டம் சும்மா இருக்குமா? இரண்டு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு கிடங்கைச் சுற்றக் கிளம்பியது. அவர்கள் கையைப் பிடித்து உயர்த்த ஆளாளுக்கு முண்டியடித்தார்கள்.

அப்போது பக்கத்துத் தோளிலிருந்து இரும்பு, கண்ணில் தண்ணீர் முட்ட, பயில்வானின் காதருகே குனிந்தான்.

"அண்ணே, நீங்க சொன்னா கேப்பாங்க... என் கையைப் பிடிச்சு இழுக்க வேணாம்னு சொல்லுங்கண்ணே, தசை கிழிஞ்சு மூணு வாரமாச்சு!"