அச்சு இறுகும் வரை

போதகரின் வாய் வாழ்நாளில் முதன்முறையாக அடைபட்டிருந்தது.

அடைத்தவள் பல் மருத்துவர். அவளுடைய இரு விரல்கள், பல் செட்டுக்கு அளவெடுக்கும் அச்சுத் தட்டை அவரது பல்லற்ற கீழ் ஈற்றின்மேல் அழுத்திப் பிடித்திருந்தன. தட்டு நிறைய இளஞ்சிவப்புப் பசை. அது இறுகும்வரை நாற்காலியில் சாய்ந்திருப்பவர் அசையக் கூடாது. பேச நினைத்தாலும் முடியாது.

வெதுவெதுப்பான நீரில் குழைத்தால் அந்தப் பசை சட்டென்று இறுகிவிடும். அவளோ குளிர்பெட்டியைத் திறந்து, சில்லென்ற நீரைத் தேடி எடுத்துக் குழைத்திருந்தாள். வயதானவரிடம் செய்கிற காரியமல்ல என்று அவளுக்கும் தெரியும்.

என்ன செய்வது? அவருடைய மகனைத்தான் அவள் மணக்க விரும்பினாள். அவர் வீட்டுக்குப் போனபோதெல்லாம், தன் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று உறுதி பூண்டுதான் படியேறினாள். அவள் "ஆனால்" என்று வாயெடுக்குமுன் அவர் "அதனால்தான்" என்று தொடங்கிவிடுவார். தேநீர் ஆறும், பிரசங்கம் ஆறாது.

அப்பேர்ப்பட்டவர் இன்று சொல்லாமல் கொள்ளாமல் தனியே வந்து, "கீழ்ப் பல் செட்டு ஒண்ணு வேணும்மா" என்று பொக்கை வாயால் குழறினார்.

கடவுள் ஒருவர் இருந்தால்கூட இதைவிட நல்ல வாய்ப்பைத் தரமாட்டார் என்று எண்ணிக்கொண்டாள், கடவுளை நம்பாத அந்தப் பெண்.

"கோபப்படாதீங்க ஐயா. இப்ப கோபப்படவும் உங்களால முடியாது. ஞானஸ்நானம் வாங்கினாத்தான் கல்யாணம்னு சொல்றீங்க. நான் பொய் சொல்லித் தண்ணியில முழுக மாட்டேன்."

போதகரின் புருவங்கள் மட்டும் எழுந்து நின்றன.

"கன்னி வயித்துல பிறந்த பிள்ளை, செத்து எழுந்த தெய்வம், உலகத்தையே மூழ்கடிச்ச வெள்ளம், இதெல்லாம் மத்த மதத்துலயும் சொல்றாங்க. அவங்க சொன்னா கட்டுக்கதை, நீங்க சொன்னா சரித்திரமா? எங்க வீட்டு சாமியையே நிக்க வெச்சுக் கேள்வி கேட்டவ நான். வேணும்னா எங்கம்மாகிட்ட கேளுங்க, ஒரு பாட்டம் அழுவாங்க. உங்க சாமிக்கு மட்டும் சலுகை காட்டினா, எங்க சாமி என்னை என்ன நினைக்கும்?"

"ம்ம்... ம்!" என்றார் போதகர்.

"அசையாதீங்க."

அவர் அசையவில்லை. கண்கள் மட்டும் அவள் முகத்திலேயே நின்றன. அந்தப் பார்வையில் சினம் இல்லாதது அவளை எப்படியோ தடுமாற வைத்தது. கடைசியாகக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. மற்றவை யாவும் அதற்குப் போட்ட முன்னுரைதான் என்பது, கேட்கும்போதுதான் அவளுக்கே விளங்கிற்று.

"எங்கப்பா யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்ல. மூச்சு நிக்கிற வரைக்கும் தன்னோட சாமியைத்தான் கும்பிட்டார். உங்க வேதப்படி அவர் இப்ப எங்க இருக்கார், ஐயா?"

பசை எப்போதோ இறுகிவிட்டது. அவளுடைய விரல்கள்தாம் எழவில்லை.

ஒருவழியாகத் தட்டை நெம்பி எடுத்தாள். அவர் வாய் கொப்பளித்தார், தாடையைத் துடைத்துக்கொண்டார். இனி அணை உடையும். சரி, உடையட்டும், கல்யாணமும் அதோடு போகட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நின்றாள்.

அவரோ சட்டைப் பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, நிதானமாகப் பிரித்தார்.

உள்ளே ஒரு கீழ்ச் செட்டு.

கண்ணாடிகூடப் பாராமல் அதை வாயில் பொருத்திக்கொண்டார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? அவள் குனிந்து பார்த்தாள். புத்தம் புதியது. ஈற்றோடு ஈறாய்ப் பொருந்தியிருந்தது. தேய்க்க ஓர் இடமில்லை. திருத்த ஒரு குறையில்லை.

"நல்லாத்தானே இருக்கு! அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"உன் அத்தை அனுப்பினா. 'அந்தப் பொண்ணை என்னிக்காவது முழுசாப் பேச விட்டிருக்கீங்களா'ன்னு ஒரே சண்டை. நம்ம வாய் நம்ம பேச்சைக் கேட்கிற வாயா? அதான், அடைக்கிற இடத்துக்கே வந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில்தான் 'உன் அத்தை' என்ற சொல் காதில் விழுந்தது. நேற்றுவரை அந்த அம்மாள் அவருக்கு 'எங்க வீட்டம்மா', அவளுக்கு யாருமில்லை.

"பொய்யா முழுகினா உடம்புதான்மா நனையும். வேண்டாம், விடு. கல்யாணம் அது பாட்டுக்கு நடக்கட்டும். உங்கப்பா எங்கேன்னு கேட்டியே..." பேச்சுக்குப் பஞ்சமே அறியாதவர் சொல் தேடுவதை அவள் அன்றுதான் கண்டாள். "தெரியாது. அவர் இருக்கிற இடத்துலயே எனக்கும் ஒரு மூலை கொடுன்னு வேண்டிக்கறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலியான கிண்ணத்தை இரண்டு முறை கழுவினாள்.

பிறகு திரும்பினாள். கண் ஈரமாயிருந்தாலும் குரலில் பழைய குறும்பு வந்துவிட்டது.

"இன்னும் நிறையக் கேள்வி பாக்கி இருக்கு, மாமா."

போதகர் மறுபேச்சுப் பேசாமல் பல் செட்டைக் கழற்றினார். கைக்குட்டையில் பத்திரமாக மடித்து வைத்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, வாயைத் திறந்தார்.