கவனிக்கும் திறன்

“எங்க கோர்ட்டுல வந்து உட்கார்ந்து பார்த்தீங்களா, மிஸ்டர் ஆஷ்வொர்த்?”

கௌரவ மாஜிஸ்ட்ரேட் எனும் நடுவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. மரியாதை மட்டும் உண்டு. அதனால்தான் அந்த ஆங்கிலேய ஊரில் அதற்கு இத்தனை போட்டி. நேர்காணலுக்கு வருகிறவர் அதற்கு முன் நீதிமன்றத்தில் பார்வையாளராக அமர்ந்திருக்க வேண்டும். ஆகவே, தேர்வுக்குழுத் தலைவி டாஃப்னி கேட்டது வழக்கமான கேள்விதான்.

“பார்த்தேன், மேடம். போன மாசம், ரெண்டாம் நம்பர் கோர்ட்டு. மத்தியானம்,” என்றார் நெவில் ஆஷ்வொர்த்.

டாஃப்னி அவசரமாக விண்ணப்பத்தைப் புரட்டி அந்தத் தேதியைப் பார்த்தார். அன்று மதியம் அந்த அறையில், மூன்று நடுவர்களுள் நடுநாற்காலியில் அமர்ந்திருந்தவர் டாஃப்னியே. அமர்ந்திருந்தார் என்பதைவிட, உறங்கிக்கொண்டிருந்தார் என்பதே சரி. குழுவின் மற்ற இருவருக்கும் அது தெரியாது.

“நடுவர்களைப் பத்தி என்ன தோணுச்சு?” என்று கேட்டார் குழு உறுப்பினர் கேரத்.

“நடுவுல இருந்தவங்க ரொம்பப் பொறுமைசாலி சார். யாரையும் ஒரு அதட்டல் போடல. குறுக்கே ஒரு வார்த்தை பேசல.”

டாஃப்னிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உடனே தீர்ப்பும் வழங்கியது: கண்ணெதிரே ஒருத்தி குறட்டை விடாத குறையாக உறங்கியதையே காணாத மனிதர், குற்றத்தை எங்கே காணப்போகிறார்?

“சரி, உங்ககூட உட்கார்ந்திருக்கிற நடுவரே ஒரு தப்புப் பண்ணா?” என்றார் கேரத்.

“தனியாக் கூப்பிட்டுச் சொல்லுவேன். கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறவன் சார் நான். நடுரோட்டுல கத்துனா, பழகுறவங்களுக்குக் கைதான் இன்னும் நடுங்கும்.”

அவர் வெளியேறியதும் கேரத் சிரித்தார்.

“நல்ல மனுஷன். மூணாவது தடவையா வந்திருக்காரு, பாவம். எடுத்துக்கலாமா, டாஃப்னி?”

“கவனிக்கிற திறன் பத்தாதுன்னு தோணுது. இருங்க, முதல்ல டீ எடுத்துட்டு வர்றேன்.”

தேநீர் இயந்திரத்தருகே நெவில் காத்திருந்தார்.

“மேடம், உள்ள வெச்சுச் சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் அப்படிப் பேசினேன். அன்னிக்கு நீங்க தூங்கிட்டீங்க. டிக்கெட் இல்லாம ரயில் ஏறுன அந்தப் பொண்ணு, அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்க்க ஓடுன கதையச் சொன்னப்போதான். நீங்க கேட்டிருந்தா அபராதம் குறைஞ்சிருக்கும்.”

டாஃப்னியின் காது சிவந்தது.

“சாப்பிட்டதும் எனக்கும் கண்ணச் சொக்கும் மேடம். ஒரு புதினா மிட்டாய வாயில போட்டுக்குவேன். நீங்களும் போட்டுக்குங்க.”

மிட்டாய் ஒன்றை டாஃப்னியின் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

கதவின் கண்ணாடி வழியே அவர்களைப் பார்த்திருந்த கேரத், டாஃப்னி உள்ளே வந்ததும் கேட்டார்.

“என்ன சொன்னாரு நம்ம ஆளு?”

டாஃப்னி மிட்டாயைக் கைப்பைக்குள் தள்ளினார்.

“மழை பெய்யுதுன்னாரு.”

கேரத் சன்னலைப் பார்த்தார்.

“மழையா? வெயில் கொளுத்துதே!”

“அதத்தானே நானும் சொல்றேன், கேரத்? இவருக்குக் கவனிக்கவே தெரியல.”