வலது இடுப்பு

பெல்ட் பழைய துளைக்கு வரவில்லை.

மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். வயிறு ஒத்துழைக்கவில்லை. கடைசித் துளையில் மாட்டினாள். பிரசவ விடுப்பு முடிந்து இன்று முதல் நாள். சப்-இன்ஸ்பெக்டர் பெருத்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

துப்பாக்கி உறையை வலது இடுப்பில் கோத்தாள்.

மர நாற்காலியை ஜீப் சீட்டாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உறையின் மேல்விளிம்பு விலாவில் குத்தியது. இறக்கிக் கட்டினாள். இப்போது அடிமுனை நாற்காலியில் முட்டி, மொத்தத்தையும் மேலே தள்ளியது. எழுந்து, இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாள். அங்கே சொன்னபடி கேட்டது. குனிந்தாள், நிமிர்ந்தாள், உட்கார்ந்தாள். வலிக்கவில்லை.

இத்தனை மாதமாக மகள் உட்கார்ந்திருந்ததும் அதே இடத்தில்தான்.

சிசேரியன் தையல் இடப்பக்கம் இழுத்துப் பிடித்தது. அதனால் வலது இடுப்பில் தூக்கிப் பழகினாள். குழந்தையும் பழகிவிட்டாள்.

இனி கை பழக வேண்டும்.

துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது. போய்க் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். வெறும் உறையில் என்னத்தைப் பழகுவது? கட்டிலில் குழந்தையின் சின்னப் பவுடர் டப்பா கிடந்தது. அதை உறைக்குள் செருகி, வாரை இழுத்துப் பட்டனைப் போட்டாள்.

டக்.

குழந்தையோடு வாசலில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்குவது தெரிந்தது.

கட்டைவிரல் பட்டனைத் தள்ள வேண்டும். அதே வீச்சில் உள்ளங்கை பிடியைப் பற்ற வேண்டும். முன்பெல்லாம் இதை யோசித்ததே இல்லை.

கை இறங்கியது. பட்டனைத் தாண்டியது. உறையின் அடியில் போய், மெதுவாக ஏந்திக்கொண்டது.

மறுபடி முயன்றாள்.

மறுபடியும் அடியில்தான் போனது.

ரோந்தில் எவனாவது அரிவாளோடு வந்து நின்றால், இந்தக் கை அவன் முன்னால் உறையைத் தாலாட்டிக்கொண்டு நிற்கும். நினைத்ததும் சிரிப்பு வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது.

பட்டனைப் போட்டாள். டக்.

அந்தச் சத்தம் அப்பாவுடையது. அவரும் சப்-இன்ஸ்பெக்டர். காலையில் குவார்ட்டர்ஸ் கண்ணாடி முன்னால் அவர் உறையை மாட்டும்போது கேட்கும். அது கேட்டுவிட்டால் அப்பா கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

அவருடைய வலப்பக்கம் யாருக்கும் கிடையாது. ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்றால், முழு ஆளாகத் திரும்பி இடக்கையை நீட்டுவார். சட்டைப் பையில் பேனா, மேலே விசில் கயிறு. அவளுக்குத் தெரிந்த அப்பா அந்த இடப்பக்கம் மட்டும்தான்.

ஒரே ஒரு கோடையில் எல்லாம் மாறியது.

அப்பா கைலியோடு வீட்டிலேயே இருந்தார். சாயங்காலமானால் துறைமுகத்துக் கடற்கரைக்குத் தூக்கிப் போனார். வலது இடுப்பில். அவருடைய வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தாள். வழியெல்லாம் அதைத் தொட்டுக்கொண்டே போனாள். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு எங்கேயும் போனதில்லை.

அம்மா அந்த நாட்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தினமும் மாதா கோயிலுக்கு நடந்தாள். இவளும் கூடவே போய் முழங்காலிட்டு வேண்டிக்கொண்டாள்.

மாதாவே, அப்பா வீட்டிலேயே இருக்கணும்.

கைதி ஒருவன் தப்பி ஓடியதற்காக அப்பாவைச் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள் என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. ஒரே மாதா முன்னால், ஒரே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அம்மா வேண்டியது வேறு.

அம்மாவுடையதுதான் பலித்தது. ஒருநாள் காலையில் டக் என்று கேட்டது. அடுப்பில் கேசரி கிளறிக்கொண்டே அம்மா அழுதாள். இவளும் அழுதாள். பிள்ளைக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னாள்.

வேண்டிக்கொண்டது என்ன என்று இவள் இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை.

வெளியே ஜீப் ஹாரன் கேட்டது.

தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அம்மாவின் தோளிலிருந்து குழந்தை தாவியது. இவளுடைய வலப்பக்கமாகத்தான் தாவியது.

அவள் உடம்பு அப்படியே முழுதாகத் திரும்பி நின்றது. இடக்கை நீண்டிருந்தது.

குழந்தை அந்தக் கையைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு வீல் என்று கத்தியது. இடது இடுப்பில் வைத்ததும் வளைந்து, முறுக்கி, பிஞ்சு விரல்களால் வலப்பக்கத்து உறைப் பட்டனை எட்டப் பார்த்தது. முத்தம் கொடுத்தும் அடங்கவில்லை.

அம்மா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"பழகிருவாட்டி. நீ பழகலையா?"

பழகவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "வாரேம்மா" என்றாள்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். எங்கும் குத்தவில்லை. உறை சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. அழுகைச் சத்தம் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது.

திருப்பத்தில் வேகத்தடை. டிரைவர் கவனிக்காமல் ஏற்றிவிட்டார். வண்டி தூக்கிப் போட்டது.

அவள் வலக்கை சட்டென்று இடுப்புக்குக் கீழே போய்த் தாங்கிக்கொண்டது.

உள்ளே பவுடர் டப்பா குலுங்கியது.

கையை எடுக்கவில்லை. ஸ்டேஷன் வாசல் வரும்வரை அப்படியே வைத்திருந்தாள்.